சேடிலின் அடிப்பக்கம்

பிளக் செருகாமல் வாசித்தால் ஆறு தந்தியும் குறையில்லாமல் ஒலிக்கும் கிட்டார், ஆம்ப்ளிஃபயரில் இணைத்த உடனே ஐந்து தந்திக் கிட்டாராகிவிடுவது உண்டு. பெரும்பாலும் ஓரத்தில் இருக்கும் இரண்டு இ தந்திகளில் ஒன்று மங்கிப்போகும். சில சமயம் நடுவிலிருக்கும் ஜி மட்டும் மற்ற ஐந்தையும் அமுக்கிக்கொண்டு அலறும். விசாரித்தால், சமீபத்தில்தான் அந்தக் கிட்டாருக்கு எலும்புச் சேடில் போட்டிருப்பார்கள். எலும்பு நல்ல பொருள்தான். வேலையும் மேலே பார்க்கப் பளபளவென்று இருக்கும். கோளாறு கண்ணில் படாத இடத்தில், சேடிலின் அடிப்பக்கத்தில் ஒளிந்திருக்கும்.

அதிர்வை மின்சாரமாக்கும் பிக்அப் இல்லாத கிட்டார் இந்தக் குறையைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். சேடில் எங்கோ சில இடங்களில் மட்டும் அழுந்தி நின்றாலும் அதிர்வு பிரிட்ஜ் வழியாக மேல்பலகைக்குப் போய்விடும். காதில் விழுவது பலகை முழுவதும் சேர்ந்து எழுப்பும் ஒலி. பிக்அப்புக்கு அந்தத் தாராளம் கிடையாது. தன்மேல் எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் விழுகிறதோ அதை மட்டும்தான் அது அறியும். அதனால் இந்த அத்தியாயம் சேடிலின் மேல்விளிம்பைவிட அடிவிளிம்பைப் பற்றியே அதிகம் பேசும்.

முதலில் பெயர்கள். பிரிட்ஜில் வெட்டிய நீளமான காடியில் நிற்கும் வெள்ளைப் பட்டைதான் சேடில். வீணையில் குதிரை பார்க்கும் வேலையை இங்கே இது பார்க்கிறது. தந்தியின் ஒலிக்கும் நீளம் இதில் முடிகிறது. ஃப்ரெட்டுகளுக்கு மேல் தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. வாசிப்பவர்கள் ஆக்‌ஷன் என்று சொல்வது அந்த உயரத்தைத்தான். கீழே ஆறாவது தந்தி என்று வந்தால் தடித்த இ, முதல் தந்தி என்றால் மெல்லிய இ.

அழுத்தினால் மின்சாரம்

குவார்ட்ஸ் போன்ற படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னூட்டம் தோன்றுவதை 1880-ல் பாரிஸில் கண்டறிந்தவர்கள் ஜாக் கியூரியும் அவர் தம்பி பியேர் கியூரியும். பின்னாளில் மேரி கியூரியை மணந்த அதே பியேர்தான். பீசோ விளைவு என்று பெயர்பெற்ற இந்தக் குணம் கிட்டாருக்கு வந்து சேர ஏறத்தாழ 90 ஆண்டுகள் ஆயின. ஹெலிகாப்டர் தயாரித்துக்கொண்டிருந்த அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் காமன், 1966-ல் ஓவேஷன் கிட்டார் நிறுவனத்தைத் தொடங்கினார். பாடகர் கிளென் கேம்பெல் 1969-ல் ஆரம்பித்த தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஓவேஷனோடுதான் தோன்றினார். எதிரே மைக்கை நிறுத்தி, அதைவிட்டு விலகாமல் வாசிக்க வேண்டிய கட்டாயத்திலிருந்து அக்கூஸ்டிக் கிட்டாருக்கு விடுதலை தேடிக்கொண்டிருந்த காலம் அது. சேடிலோடு பீசோ துண்டுகளைப் பொருத்தி ஓவேஷன் அதற்கு வழி கண்டது. அதே 1969-ல் ஜப்பானில் ஹெய்ஜி கவாய் ஒருவகை பிளாஸ்டிக் படலத்துக்கும் இந்தக் குணம் உண்டு என்று காட்டினார். வளையக்கூடிய பிக்அப்புகள் பிறக்க அது வழிவிட்டது. லாரி ஃபிஷ்மன் 1981-ல் தொடங்கிய நிறுவனத்தின் பிக்அப்புகள் இன்று பல கம்பெனிகளின் கிட்டார்களுக்குள் இருக்கின்றன.

இன்று கடையில் வாங்கும் எலக்ட்ரோ அக்கூஸ்டிக் கிட்டார்களில் பெரும்பாலானவற்றில் பிக்அப் சேடிலுக்கு அடியில், காடியின் தரையில் படுத்திருக்கும். பார்வைக்கு இரண்டு வகை. ஒன்று, விறைப்பான உலோகப் பட்டை. அதற்குள் சிறு சிறு பீசோ துண்டுகள் வரிசையாக இருக்கும். மற்றது, பின்னிய கம்பி உறை போட்ட வளையும் பட்டை அல்லது கயிறு. இரண்டிலும் ஒரு முனையிலிருந்து மெல்லிய கம்பி கிளம்பி, காடியின் ஓரத்தில் போட்ட துளை வழியாகக் கிட்டாரின் வயிற்றுக்குள் இறங்கி, பிக்அப்பின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பிரீஆம்ப்பில் சேரும். இந்தத் துளை பின்னால் ஒரு தொல்லை கொடுக்கும், நினைவில் இருக்கட்டும்.

பிக்அப் தன் வேலையைச் செய்ய இரண்டு நிபந்தனைகள்தான். தந்தியின் அழுத்தம் சேடில் வழியாக முழுதாகக் கீழே இறங்க வேண்டும். ஆறு தந்திகளுக்கு அடியிலும் அது ஒரே சீராக இறங்க வேண்டும்.

கை வைக்கக் கூடாத கிட்டார்கள்

எல்லாக் கிட்டாரிலும் சேடிலைப் பிடுங்கி வேறொன்றைச் செருகிவிட முடியாது. பழைய ஓவேஷன்களில் சேடிலும் பிக்அப்பும் சேர்ந்த ஒரே அமைப்பு இருக்கும். அதில் உயரத்தைக் குறைக்க யாரும் சேடிலைத் தேய்ப்பதில்லை. அடியில் வைத்திருக்கும் மெல்லிய தகடுகளில் ஒன்றை எடுப்பார்கள், கூட்ட வேண்டுமென்றால் ஒன்றைச் சேர்ப்பார்கள். ஜப்பானின் டகமினே 1970-களின் இறுதியில் கொண்டுவந்த பிக்அப்பில் ஆறு தந்திக்கும் ஆறு தனித்தனி உணரிகள் கீழிருந்து மேல்நோக்கி சேடிலைத் தொடுகின்றன. சேடிலும் பல மாடல்களில் இரண்டு துண்டு. டெய்லர் நிறுவனம் 2014-ல் அறிமுகப்படுத்திய எக்ஸ்பிரஷன் சிஸ்டம் 2-ல் உணரிகள் சேடிலுக்கு அடியிலேயே இல்லை. முதுகுப்பக்கம் சாய்ந்திருக்கின்றன, பிரிட்ஜில் சேடிலுக்குப் பின்னால் தெரியும் மூன்று சிறு திருகுகள் அவற்றின் அழுத்தத்தை நிர்ணயிக்கின்றன. அந்தத் திருகுகளைத் தளர்த்தாமல் சேடிலை இழுப்பது உணரிகளைச் சோதித்துப் பார்ப்பதற்குச் சமம்.

இந்த மூன்று வகையில் ஒன்று கையில் இருந்தால், கம்பெனியின் குறிப்பேட்டைப் படித்துவிட்டு, அதற்கென்றே செய்த சேடிலை வாங்குவது நல்லது. கீழே வருவதெல்லாம் அடியில் பட்டை படுத்திருக்கும் சாதாரண வகைக்கு.

உண்மையில் சேடில்தான் காரணமா?

பிளக் செருகியதும் ஒலி கரகரக்கிறது, மெலிகிறது என்றால் முதலில் மாற்ற வேண்டியது 9 வோல்ட் பேட்டரி. கேபிளைக் கிட்டாரில் செருகியதுமே பிரீஆம்ப்புக்கு மின்சாரம் ஓடத் தொடங்கிவிடும் என்பதால், கேபிளைக் கழற்றாமல் விட்ட இரவுகள் பேட்டரியைத் தின்றுவிடும். அடுத்து வேறொரு கேபிளைப் போட்டுப் பார்க்க வேண்டும். எல்லாத் தந்தியும் ஒரே அளவுக்குக் குறைந்திருந்தால் சேடிலைச் சந்தேகிக்க அவசரப்பட வேண்டாம். ஒன்றிரண்டு தந்தி மட்டும் குறைந்திருந்தால்தான் அதன் முறை வருகிறது.

தந்தி உயரமாக இருக்கிறது என்பதற்காகச் சேடிலைத் தொடுகிறவர்கள், அதற்கு முன் கழுத்தைப் பார்க்க வேண்டும். முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு, 14-வது ஃப்ரெட்டில் ஆறாவது தந்தியை அழுத்தினால் ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேல் 0.1 முதல் 0.25 மி.மீ. வரை இடைவெளி தெரியலாம். அதைவிட அதிகமென்றால் வளைவு கழுத்தில் இருக்கிறது. கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராடைச் சரிசெய்த பிறகுதான் சேடிலின் கணக்கு. கழுத்தின் பிழைக்குச் சேடிலைத் தேய்த்தால், பிறகு கழுத்தை நேராக்கும்போது தந்தி ஃப்ரெட்டில் மோதி இரையும். தேய்த்ததை மீண்டும் வளர்க்க வழியில்லை.

எதில் செய்த சேடில்?

பழைய விலையுயர்ந்த கிட்டார்களில் யானைத் தந்தம் இருந்தது. அந்தக் காலம் போயிற்று; நாடுகளுக்கு இடையே அதன் வணிகத்துக்குத் தடை இருக்கிறது. மார்ட்டின் நிறுவனம் மைக்கார்டா என்ற அழுத்திய பிசின் பொருளுக்கு மாறியது. கனடாவின் கிராஃப்டெக் நிறுவனம் டஸ்க் என்ற செயற்கைப் பொருளில் செய்கிறது. யமஹா எஃப்ஜி 800 வரிசையில் சேடிலும், தந்தியின் மறுமுனையைத் தாங்கும் நட்டும் யூரியா என்று கம்பெனியே எழுதியிருக்கும். உரக்கடை நினைவுக்கு வந்தால் தப்பில்லை. அதே வேதிப்பொருளை ஃபார்மால்டிஹைடுடன் சேர்த்துச் செய்யும் கெட்டியான பிசின் அது. மலிவான கிட்டார்களில் உள்ளீடற்ற சாதாரண பிளாஸ்டிக் சேடில்களும் உண்டு. இவற்றைத் தயங்காமல் மாற்றலாம்.

எலும்பு என்றால் பெரும்பாலும் மாட்டெலும்பு. கடினமானது, நீண்ட நாள் உழைக்கும், பிளக் இல்லாமல் வாசிக்கையில் அதன் தெளிவைப் பலர் விரும்புகிறார்கள். ஆனால் எலும்பு ஒரு காலத்தில் உயிருள்ள உடம்பின் பகுதி. அதில் நுண்துளை இருக்கும். ஓரிடம் இறுகியும் ஓரிடம் இளகியும் இருக்கும். பலகை வழியாகக் கேட்கையில் தெரியாத இந்த வேற்றுமை பிக்அப் வழியாக வரும்போது தந்திக்குத் தந்தி வித்தியாசமாகக் காட்டிக்கொடுக்கலாம். அடர்த்தி சீராக இருக்கும் மைக்கார்டா, டஸ்க் போன்றவற்றைக் கிட்டார் வேலை செய்கிறவர்களில் பலர் பிக்அப்புக்குப் பரிந்துரைப்பதற்கு இதுவே காரணம். பெரும்பாலும் மேடையில் பிளக் போட்டு வாசிப்பவருக்குச் செயற்கைப் பொருளே போதும். எலும்புக்குக் கொடுக்கும் கூடுதல் உழைப்பு அங்கே கேட்பவர் காதுவரை போகாது. வீட்டில் வெறுமே வாசிப்பவர் எலும்பு வாங்கட்டும்.

அளவெடுப்பது

பழைய சேடிலை எடுப்பதற்கு முன், கிட்டார் சுருதியில் இருக்கும்போதே 12-வது ஃப்ரெட்டில் தந்தியின் அடிக்கும் ஃப்ரெட்டின் உச்சிக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். எஃகுத் தந்திக் கிட்டாருக்கு ஆறாவது தந்தியில் 2.5 மி.மீ. அளவிலும் முதல் தந்தியில் 2 மி.மீ. அளவிலும் இருந்தால் பெரும்பாலானவர் விரலுக்குச் சுகமாக இருக்கும். ஓங்கி அடித்து வாசிப்பவர் சற்றுக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு கணக்கு. 12-வது ஃப்ரெட் தந்தியின் நட்ட நடுவில் இருக்கிறது. அதனால் அங்கே 0.5 மி.மீ. குறைய வேண்டுமானால் சேடிலில் 1 மி.மீ. குறைக்க வேண்டும். ஆறாவது தந்தி 3 மி.மீ.யில் நிற்கிறது, 2.5 வேண்டும்; முதல் தந்தி 2.3-ல் நிற்கிறது, 2 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தடித்த பக்கம் 1 மி.மீ., மெல்லிய பக்கம் 0.6 மி.மீ. போக வேண்டும். இந்தப் புள்ளிகளைச் சேடிலின் இரண்டு நுனிகளில் குறிக்கக் கூடாது, தந்தி உட்காரும் இடங்களில் குறிக்க வேண்டும். நுனிக்கும் ஓரத் தந்திக்கும் இடையே ஏறக்குறைய ஒரு செ.மீ. உண்டு. இரண்டு புள்ளிகளையும் சேர்த்துக் கோடு கிழித்து, அதை நுனிவரை நீட்டினால் தேய்க்க வேண்டிய எல்லை கிடைத்துவிடும்.

சேடிலின் கனத்தில் ஏமாறுகிறவர்கள் நிறைய. மார்ட்டின் கிட்டார்களில் காடி ஏறக்குறைய 2.4 மி.மீ. அகலம், டெய்லரில் 3.2 மி.மீ. நடுவே 3 மி.மீ. சேடில்களும் உண்டு. ஸ்கேலால் இந்த வித்தியாசத்தைப் பிடிக்க முடியாது, வெர்னியர் காலிப்பர் வேண்டும். வாங்கும்போது நீளம், கனம், உயரம் மூன்றிலும் சற்றுக் கூடுதலாக இருப்பதை வாங்கித் தேய்த்துக் குறைப்பதே முறை. மேல்விளிம்பின் வளைவும் பார்க்க வேண்டும். விரல்பலகையின் வளைவோடு அது ஒத்துப்போக வேண்டும். மார்ட்டின் 16 அங்குல ஆரம், டெய்லர் 15, கிப்ஸன் 12 என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

கழற்றுவது

ஆறு தந்திகளின் மொத்த இழுவிசை 70 கிலோவைத் தாண்டும். ஒன்றைச் சட்டென்று வெட்டிவிட்டு அடுத்ததற்குப் போவதைவிட எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவது கழுத்துக்கு நல்லது. பிரிட்ஜ் பின் வர மறுத்தால் ஒலித்துளை வழியாகக் கையைவிட்டு உள்ளிருந்து ஒரு நாணயத்தால் மேலே தள்ளலாம்.

குறடின் இரு தாடைகளிலும் மாஸ்கிங் டேப் சுற்றிக்கொண்டு, சேடிலை ஒரு நுனிக்கு அருகே பிடித்து நேராக மேல்நோக்கி இழுக்க வேண்டும். முன்னும் பின்னும் ஆட்டினால் காடியின் உதடு பிளக்கும். கொஞ்சம் எழும்பியதும் நிறுத்தி, டார்ச் அடித்து அடியில் பார்ப்பது அவசியம். பிக்அப் சேடிலோடு ஒட்டிக்கொண்டு கூடவே எழும்பினால் மேற்கொண்டு இழுக்கக் கூடாது. மெல்லிய மரக்குச்சியால் அதைப் பிரித்துக் காடியில் அமர்த்திவிட்டுத்தான் சேடிலை எடுக்க வேண்டும். கத்தியும் திருப்புளியும் இந்த வேலைக்குள் வரவே கூடாது. பிக்அப்பின் மெல்லிய உறை ஒருமுறை கிழிந்தால் உறுமல் சத்தம் நிரந்தரமாகிவிடும். எவ்வளவு இழுத்தும் சேடில் அசையவில்லை, யாரோ பசை போட்டிருக்கிறார்கள் என்று தோன்றினால், அங்கேயே நிறுத்திவிட்டுப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுவது லாபம்.

எடுத்த பிறகு காடிக்குள் பார்த்தால் ஆச்சரியங்கள் காத்திருக்கும்: தொழிற்சாலையில் காடி வெட்டியபோது தங்கிய மரத்தூள், வார்னிஷ் சொட்டு, முன்பு எவரோ மடித்து வைத்த காகிதத் துண்டு. உலர்ந்த சிறு தூரிகையால் எல்லாவற்றையும் கூட்டி எடுக்க வேண்டும். பிக்அப்பை மெல்லத் தூக்கி அதன் அடியிலும் துடைக்க வேண்டும். ஒரு சிறு மரச்சிராய் போதும், மேலே செய்யும் நுணுக்கமெல்லாம் வீண்.

தேய்ப்பது

தேய்க்கும் வேலை கனத்தில் தொடங்கி, நீளத்துக்குப் போய், உயரத்தில் முடிகிறது. வரிசை மாறினால் வேலை இரட்டிக்கும்.

ஒரு கண்ணாடித் துண்டோ வழவழப்பான டைல்ஸோ எடுத்து, அதன்மேல் உப்புத்தாளை இருபக்க டேப்பால் ஒட்டிக்கொள்ள வேண்டும். தொடக்கத்துக்கு 180 நம்பர், முடிக்க 320. மரப்பலகையின்மேல் ஒட்டினால் பலகையின் வளைவு சேடிலுக்கு வந்துவிடும். எலும்பானால் முகக்கவசம் கட்டாயம். அந்தத் தூள் நுரையீரலுக்கு நல்லதல்ல, வாசமும் சகிக்காது.

கனம் எப்போது போதும்? விரல் பலத்தால் மட்டும் சேடில் காடிக்குள் இறங்க வேண்டும், விரலாலேயே வெளியே வர வேண்டும், உள்ளே நின்றபின் முன்பின்னாக ஆடக் கூடாது. பிக்அப் இல்லாத கிட்டாரில் சற்று இறுக்கமாக இருப்பதைப் பலர் விரும்புவார்கள். பிக்அப் இருந்தால் அந்த இறுக்கம் எதிரி. காடியின் சுவர்கள் சேடிலைப் பிடித்துக்கொண்டால் தந்தியின் அழுத்தம் சுவரில் தங்கிவிடும், பிக்அப்புக்கு இறங்காது. அதற்காக ரொம்பத் தளர்த்தினாலும் சேடில் கழுத்துப் பக்கம் சாய்ந்து, அடிவிளிம்பின் ஒரே ஓரத்தில் நிற்கும். காடியின் அகலத்தைவிட ஒரு சாதாரணக் காகிதத்தின் கனம், அதாவது 0.1 மி.மீ. வரை குறைவாக இருக்கலாம். அதற்குமேல் போனால் அந்தச் சேடிலை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குவது நல்லது.

நீளத்தில் அவ்வளவு கண்டிப்பு வேண்டாம். காடியின் இரு நுனியும் அரைவட்டமாக இருந்தால் சேடிலின் நுனிகளையும் அப்படியே உருட்ட வேண்டும். நெருக்கிச் செருகாமல் இருந்தால் சரி.

இனி அடிப்பக்கம். பழைய சேடிலைப் புதியதன்மேல் பொருத்தி வைத்து, கூர்மையான பென்சிலால் அதன் உருவத்தை வரைந்து, கணக்கிட்ட கோட்டையும் கிழித்தாயிற்று. அந்தக் கோட்டுக்குக் கால் மி.மீ. முன்பே 180 நம்பர் தாளை விட்டுவிட்டு 320-க்கு மாற வேண்டும். கையில் வெறுமே பிடித்துத் தேய்த்தால் ஒவ்வொரு இழுப்பிலும் சேடில் துளித்துளியாக ஆடும். இரு நுனிகளும் அதிகம் தேய்ந்து அடிப்பக்கம் படகின் வயிறுபோல் ஆகிவிடும். இதைத் தவிர்க்க, மூலைமட்டத்தில் சரிபார்த்த ஒரு சதுர மரக்கட்டையைக் கண்ணாடிமேல் வைத்து, அதன் சுவரோடு சேடிலை ஒட்டிப் பிடித்து, இரண்டையும் சேர்த்தே தள்ள வேண்டும். ஒரே திசையில், நீள வாக்கில், மெதுவாக.

சோதனைகள் மூன்று. அடிப்பக்கம் முழுவதும் பென்சிலால் கிறுக்கிவிட்டு மூன்று நான்கு முறை மட்டும் தேய்த்துப் பார்க்க வேண்டும். கிறுக்கல் எல்லா இடத்திலும் ஒரேபோல் மறைந்தால் தட்டையாகிவிட்டது. எங்காவது கருமை மிச்சமிருந்தால் அங்கே பள்ளம். இரண்டாவது, எஃகு ஸ்கேலின் விளிம்பை அடிப்பக்கத்தில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்ப்பது. ஒளி ஒரு கீற்றுக்கூட ஊடுருவக் கூடாது. குறுக்கு வாக்கிலும், அதாவது கனத்தின் திசையிலும், அடிப்பக்கம் செங்குத்தாக இருக்கிறதா என்று மூலைமட்டத்தில் பார்க்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்த மூன்றாவது பார்வையைத்தான்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்றால், பிழை எந்தத் தந்தியில் கேட்கும் என்பது அடிப்பக்கத்தின் உருவத்தைப் பொறுத்தது. நடு வீங்கியிருந்தால் டி, ஜி தந்திகள் ஓங்கி, இரு ஓரமும் மங்கும். நடு குழிந்திருந்தால் ஓரங்கள் ஓங்கி, நடு மங்கும்.

உயரத்துக்கு இரண்டு எல்லைகள் உண்டு. காடிக்கு வெளியே குறைந்தது 3 மி.மீ. அளவாவது தெரிந்தால்தான் தந்தி சேடிலைத் தாண்டிக் கீழே மடங்கும் கோணம் போதுமானதாக இருக்கும். அது குறைந்தால் அழுத்தமும் குறையும், பிக்அப்பும் மெலிந்து பேசும். மறுபுறம், சேடிலின் உயரத்தில் பாதியாவது காடிக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் இழுவிசையில் சாய்ந்து பிரிட்ஜையே பிளக்கும்.

மேல்விளிம்பு

சேடில் பிரிட்ஜில் சற்றுச் சாய்வாக வைக்கப்பட்டிருப்பது அலங்காரத்துக்கு அல்ல. ஃப்ரெட்டில் அழுத்தும்போது தந்தி நீண்டு, சுருதி கொஞ்சம் ஏறும்; தடிமனும் விறைப்பும் கூடக் கூட அந்த ஏற்றமும் கூடும். அதை ஈடுகட்டத்தான் தடித்த பக்கத்துக்குக் கூடுதல் நீளம். இந்த வரிசையில் ஒரு குறும்புக்காரன் பி தந்தி. பக்கத்திலிருக்கும் ஜி பெரும்பாலான அக்கூஸ்டிக் செட்டுகளில் உறை சுற்றியது, அதன் உள்கம்பி மெலிது. பி உறையில்லாத தடித்த கம்பி. அதனால் பி-க்கு எதிரே மட்டும் உச்சியைப் பின்னால் தள்ளிச் செதுக்கியிருப்பார்கள். பழைய சேடிலில் அந்த வெட்டு இருந்தால் புதியதிலும் வேண்டும். அப்படி முன்பே செதுக்கி விற்கும் சேடிலை வாங்கி அடியை மட்டும் தேய்ப்பது, தொடக்கக்காரருக்குப் பாதி வேலையை மிச்சமாக்கும். செருகும்போது முன்பின் மாறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

உச்சியை 600, 800, 1200 நம்பர் தாள்களில் வரிசையாக மெருகேற்றினால் தந்தி அறுபடாது.

பொருத்திக் கேட்பது

பிக்அப் காடியில் முறுக்கில்லாமல் நேராகப் படுத்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுச் சேடிலை இறக்க வேண்டும். பசை, மெழுகு எதுவும் வேண்டாம். நடுத் தந்திகளை முதலில் போட்டுப் பாதி இழுத்து, பிறகு ஓரத் தந்திகளைப் போட்டு, எல்லாவற்றையும் சேர்த்துச் சுருதிக்குக் கொண்டுவந்தால் சேடில் கோணாமல் அமரும். ஒரு நாள் சுருதியிலேயே விட்டுவைத்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். பட்டை அமுங்கிப் படிய நேரம் தேவை.

ஆம்ப்பில் பேஸ், டிரெபிள் எல்லாவற்றையும் நடுவில் வைத்து, ஒரே பிக்கால், ஒரே பலத்தில், ஒவ்வொரு தந்தியாக அடித்துக் கேட்க வேண்டும். கைப்பேசியில் பதிவு செய்து அலை வடிவத்தைப் பார்த்தால் காதின் பாரபட்சம் கழிந்துவிடும். பீசோ பிக்அப்புக்கே உரிய அந்த வெடுக்கென்ற பிளாஸ்டிக் ஒலி எந்தச் சேடிலாலும் முழுதாகப் போகாது. அது பிரீஆம்ப்பிலும் ஈக்வலைசரிலும் அடக்க வேண்டிய விஷயம்.

ஒரு தந்தி மங்கலாக இருக்கிறது. குற்றவாளி சேடிலா, காடியா, பிக்அப்பா? தந்திகளைத் தளர்த்தி, சேடிலை இடவலமாகத் திருப்பிச் செருகி மீண்டும் இழுத்துக் கேட்டால் பெருமளவு தெளிவாகிவிடும். முன்பு ஆறாவது தந்தி மங்கலாக இருந்து இப்போது முதல் தந்தி மங்கினால் பிழை சேடிலோடு சேர்ந்து இடம் மாறியிருக்கிறது. மீண்டும் கண்ணாடிக்கும் உப்புத்தாளுக்கும் போக வேண்டியதுதான். ஆறாவதே தொடர்ந்து மங்கினால் சேடில் நிரபராதி. சோதனைக்காக மட்டும் இப்படித் திருப்பலாம். உயரமும் சுருதியும் மாறியிருக்கும் என்பதால் வாசிக்க ஏற்றதல்ல.

சேடில் நிரபராதி என்றானால் அடுத்த சந்தேகம் பிக்அப்பின் கம்பி இறங்கும் துளைமேல். துளைக்கு மேலே பட்டைக்கு அடியில் தரை கிடையாது. அந்தத் துளையின் விளிம்பு கூர்மையாக இருந்தால் பட்டை அங்கே மடங்கி நிற்கும். அதன் அருகிலுள்ள இ தந்தி அடிவாங்கும். துளையின் விளிம்பைச் சரிவாகச் செதுக்குவதே தீர்வு. தரையே மேடுபள்ளம் என்றால் காடியை மறுபடி வெட்ட வேண்டும். இரண்டும் பிரிட்ஜின் மரத்தில் செய்யும் வேலை. பழகிய கைக்கு விட்டுவிடலாம். அவசரத்துக்கு மங்கிய தந்திக்கு நேரே மெல்லிய மரச்சீவல் ஒன்றை வைக்கிறவர்கள் உண்டு. வைப்பதானால் பிக்அப்புக்குக் கீழே, காடியின் தரையில் வைக்க வேண்டும். சேடிலுக்கும் பிக்அப்புக்கும் நடுவே வைத்தால் ஒலியின் கூர்மை போய்விடும்.

எந்தப் பருவத்தில் தேய்ப்பது

கிட்டாருக்கு 45 முதல் 55 சதவீதம் வரையிலான காற்று ஈரம் உகந்தது என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். சென்னைக் காற்று ஆண்டின் பெரும்பகுதி அதைவிட ஈரமானது. ஈரத்தில் மேல்பலகை உப்பி, பிரிட்ஜ் எழும்பி, ஆக்‌ஷன் கூடும். மாதக்கணக்கில் ஏசி அறையில் வைத்தால் அதே பலகை வற்றி இறங்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் உயரமாக இருக்கிறதே என்று சேடிலைத் தேய்த்தவர், பங்குனியில் ஏசி அறையில் தந்தி இரைவதைக் கேட்பார். குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடிக் காற்று வறண்டுபோகும் வட அமெரிக்காவில், குளிர்காலத்துக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று என இரண்டு சேடில் வைத்திருக்கும் வாசிப்பாளர்கள் உண்டு. இங்கே அவ்வளவு தேவையில்லை. கிட்டார் வழக்கமாக எங்கே இருக்கிறதோ அந்த அறையில் சில நாள் வைத்திருந்துவிட்டு அளவெடுத்தால் போதும்.

பழைய சேடிலைத் தூக்கி எறிய வேண்டாம். எடுத்த தேதி, அதன் உயரம், அப்போதிருந்த ஆக்‌ஷன் மூன்றையும் ஒரு மாஸ்கிங் டேப்பில் எழுதி அதன்மேல் ஒட்டி, கிட்டார் பெட்டியிலேயே போட்டு வையுங்கள். கச்சேரிக்கு முந்தின நாள் புதியது தகராறு செய்தால், பத்து நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்ப அது ஒன்றுதான் வழி.